முந்நூற்று நாற்பதாம் வரி

அன்பு மகன் குகனுக்கு,

சின்னத்தம்பி பரமசாமி ஆகிய நான், ஐம்பது வயது நிறைந்தவன், பிரயோக கணிதம் படிப்பித்துச் சீவிப்பவன், உன் தகப்பன், உரும்பிராயிலிருந்து இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றே. நீ கேட்ட கணினி நிரலை நான் அனுப்பப்போவதில்லை. அதன் காரணத்தையும், உன் ராசன் மாமா இறந்த பிற்பகலில் நான் செய்ததையும் உனக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே விடயம் என்பது இக்கடிதம் முடியுமுன் உனக்கு விளங்கும்.

உன் கடிதம் கடனீரேரி தாண்டி, நனைந்து காய்ந்து, மூன்று கிழமைகளின் பின் என் கைக்கு வந்தது. "அப்பா, எங்கடை ஆஸ்பத்திரி வாட்டிலை ஒரு கொம்பியூட்டர் இருக்கு. உங்கடை புரோகிராமைப் பற்றிப் பெரிய டொக்டருக்குச் சொன்னனான். புதுசா வாற டொக்டர்மாருக்குப் படிப்பிக்க உடனை வேணும் எண்டு நிக்கிறார். கொப்பியிலை இருக்கிறதை அப்பிடியே எழுதி அனுப்புங்கோ. உங்கடை அட்டவணையை இப்பவும் பொக்கற்றிலை வைச்சிருக்கிறன்" என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "பாத்தியளே, பிள்ளைக்கு உங்களிலை எவ்வளவு பெருமை" என்றாள். நான் கடைசி வசனத்திலேயே நின்றுவிட்டேன். மருத்துவனாகி ஒரு வருடமும் ஆகாத என் மகனின் சட்டைப் பையில், அவன் நெஞ்சோடு சேர்ந்து, அந்தத் தாள் இருக்கிறது. இக்கடிதத்தை மேலே வாசிக்குமுன் அதை வெளியே எடுத்து மேசைமேல் வை. ஏன் என்று சொல்லும் வரை அதைத் தொடாதே.

அந்த நிரல் எங்கிருந்து பிறந்தது என்பது உனக்குத் தெரியாது. நீ அப்போது இரசாயனவியல் ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் சைக்கிளில் வாழ்ந்துகொண்டிருந்தாய். என்னோடு படித்த ஒருவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த சிறிய கணினியை நம் தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி வைத்திருந்தேன். நிரல்களை ஒலிநாடாவில் பதிவேன். அவை ஏறும்போது எழும் கிரீச்சொலிக்கு நீ காதைப் பொத்திக்கொண்டு போவாய். முதன்முதலில் நான் எழுதியது குருதியைப் பற்றிய நிரல் அன்று, கிணற்றைப் பற்றியது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மெசின் வைத்து இறைக்க இறைக்க, நம் கிணறும் அயற்கிணறுகளும் மத்தியானத்துக்கு முன்பே அடி தெரிய வற்றின. ஊற்று எவ்வளவு கொடுக்கும், மழை எவ்வளவு சேர்க்கும், மெசின் எவ்வளவு எடுக்கும், எப்போது கிணறு வற்றும் என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்கிட்டுத் திரையில் காட்டும் நிரல் அது. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் இலக்கம் உண்டு. மெசின் தண்ணீர் எடுப்பதைச் சொல்வது முந்நூற்று நாற்பதாம் வரி.

அந்த வரியை எனக்குத் தந்தவர் உன் மாமா. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மின்திருத்துநராக இருந்தவர் சனி, ஞாயிறுகளில் நம் தோட்டத்து மெசினையும் பார்த்துக்கொண்டார் அல்லவா? கிணற்றில் நீர் குறையக் குறைய மெசின் எடுப்பதும் குறையுமா என்று அவரிடம் கேட்டேன். எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அத்தான், மெசின் என்ன மனுசனே, கிணத்தைப் பாத்து இரங்கிறதுக்கு? நிறைஞ்சு நிண்டாலும் உந்த அளவுதான் இழுக்கும், வத்தினாலும் உந்த அளவுதான் இழுக்கும். அடிதட்டினால் காத்தை இழுக்கும், அவ்வளவுதான்." நான் அதை மாறிலியாக எழுதினேன். நிமிடத்துக்கு இவ்வளவு, எப்போதும் இவ்வளவு. கிணற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. இரண்டு போகம் சோதித்தேன். நிரல் சொன்ன நேரத்துக்கும் கிணறு வற்றிய நேரத்துக்கும் கால் மணிக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. அந்தக் கால் மணிதான் என்னைக் கெடுத்தது. அதன்பின் அந்த வரிகளை வேதவாக்காகக் கொண்டேன்.

நம் ஊருக்குக் கிழக்கே அக்காலத்தில் இருந்த சிறிய சிகிச்சை நிலையத்தின் டொக்டர் ஒருநாள் கிணற்று நிரலைப் பார்க்க வந்தார். ஓர் ஓட்டத்தை முடிவுவரை பார்த்தார். பிறகு, "மாஸ்டர், இதை மனுச உடம்புக்கு மாத்தலாமோ?" என்று கேட்டார். காயப்பட்டு வருபவர்கள் பெருகிவிட்டார்கள், முதலுதவி பழக வரும் பிள்ளைகளுக்கு உயிருள்ள மனிதரில் வைத்துப் படிப்பிக்க முடியாது, பிழைவிட்டுப் பழக ஓர் உடம்பு வேண்டும் என்றார். நான் இரண்டு மாதம் உடற்றொழிலியல் நூல்களைப் படித்தேன். கிணறு குருதிக்குழாய்த் தொகுதியாயிற்று. ஊற்று, உடம்பின் இழையங்களிலிருந்து குருதிக்குத் திரும்பி வடியும் நீராயிற்று. மழை, கையில் ஏற்றும் சேலைனாயிற்று. ஏற்றியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குழாய்க்குள் தங்கும் என்பதைக்கூடத் தவறாமல் சேர்த்தேன். மெசின் காயமாயிற்று. முந்நூற்று நாற்பதாம் வரியில் எண்ணை மட்டும் மாற்றினேன். வரியின் அமைப்பை மாற்றவில்லை. மகன், இந்த இடத்தில் நீ மருத்துவனாக ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பார். நான் எழுதியது என்னவென்று இப்போதே உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய எட்டு வருடங்களுக்கு மேல் எடுத்தது.

நிரலில் வரும் நோயாளிக்கு ஓர் உடம்பு நிறை தேவைப்பட்டது. மாமா தானாக முன்வந்தார். வெங்காயம் நிறுக்கும் தராசில் ஏறி நின்று, "அறுபத்தொரு கிலோ. என்னையே போடுங்கோ அத்தான். ஊருக்கு உபகாரமாய் ஒருக்கால் செத்துப் பாப்பம்" என்றார். அப்படியே போட்டேன். பழக வந்த பிள்ளைகள் அந்த நோயாளியை ராசண்ணை என்றே அழைத்தார்கள். எத்தனை போத்தல், எவ்வளவு வேகம் என்று அவர்கள் தட்டச்சிட, நாடித்துடிப்பும் குருதியமுக்கமும் திரையில் ஓடும். முடிவில் உயிரோடிருந்தால் ஒன்று, இறந்தால் பூச்சியம். "ஐயோ, ராசண்ணை போயிட்டார்" என்று ஒருவர் கத்த, மற்றவர்கள் சிரிப்பார்கள். பின்னேரம் மாமா வீட்டுக்கு வந்தால் முதற்கேள்வி, "என்ன அத்தான், நான் இண்டைக்கு எத்தினை தரம் செத்தனான்?" நான் எண்ணிக்கையைச் சொல்வேன். "நேற்றையிலும் குறைவு. பிள்ளையள் தேறுதுகள்" என்பார். நீயும் அருகிலிருந்து சிரித்திருக்கிறாய். உன் அம்மா மட்டும், "உதென்ன விளையாட்டு, வாயாலை வந்தது வயித்திலை வரும்" என்று ஏசுவாள்.

நிரலை நூற்றுக்கணக்கான தடவை ஓட்டி, அதிலிருந்து ஓர் அட்டவணை எடுத்தேன். அமுக்கம் இன்னதானால் இத்தனை போத்தல், இந்த வேகத்தில், நூற்றுப்பத்துக்கு ஏறும் வரை. டொக்டர் கையொப்பமிட்டுச் சுவரில் ஒட்டினார். அங்கே தாதியாக இருந்த பிலோமினா மிஸி குருநகர்க்காரி. ஒட்டிய முதற்கிழமையே என்னிடம் வந்து, "சேர், ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டியள்தானே?" என்றாள். "காயம் வெளியிலை எண்டால் அமத்திப் பிடிக்கலாம். உள்ளுக்கை எண்டால் பிடிக்கேலாது. அப்பிடிப்பட்ட ஆக்களுக்குத் தண்ணியை வேகமாய் ஏத்த ஏத்த, நிண்ட ரத்தம் திரும்ப வெளிக்கிடுது. நான் கண்டனான்." எத்தனை பேரில் கண்டீர் என்று கேட்டேன். "நாலைஞ்சு பேரிலை." நாலா, ஐந்தா என்று கேட்டேன். அவள் முகம் சிவந்தது. "நீர் நாலைஞ்சு பேரைக் கண்டிருக்கிறீர். நான் ஆயிரம் தரம் ஓட்டிப் பார்த்தனான்" என்றேன். "ஓம் சேர். ஆனால் நீங்கள் ஓட்டினது ஒராளைத்தானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை நான் துடுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

நீ உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஆவணி மாதத்தில், ஒரு புதன்கிழமைப் பிற்பகல் அது. புதன்கிழமைகளில் கணினியையும் தொலைக்காட்சியையும் அங்கு கொண்டுபோய்ப் படிப்பிப்பேன் என்பது உனக்குத் தெரியும். டொக்டர் அன்று பட்டணத்துக்குப் போயிருந்தார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் திரையைச் சுற்றி நின்றார்கள். வீதியில் ஷெல் விழுந்த சத்தம் கேட்டுக் கால் மணிக்குள், ஒரு கதவுப் பலகையில் வைத்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மெசினுக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போன உன் மாமா. அடிவயிற்றில், இடப்பக்கம், இரண்டு விரற்கடை அளவான காயம். வெளியே பெரிதாகக் குருதி ஓடவில்லை. அறிவு தெளிவாக இருந்தது. பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவர், பின்னால் திரையில் எண்கள் ஓடுவதையும் கண்டார். "மிஸி, பயப்பிடாதையுங்கோ. நான் அத்தான்ரை பெட்டிக்கை கனதரம் செத்துச் செத்து எழும்பினனான்" என்றார். ஒரு பிள்ளை அழத் தொடங்கிற்று.

மிஸி அமுக்கம் பார்த்தாள். எண்பது. பட்டணத்திலிருந்து வண்டி வர நாற்பது நிமிடமாகும் என்று செய்தி வந்தது. சேலைன் ஐந்து போத்தல் இருந்தன. அவள் ஒன்றை மெதுவாக ஏற்றிவிட்டு, கையை அவர் வயிற்றில் வைத்தபடி நின்றாள். "சேர், கதைக்கிறார், நாடி பிடிபடுது. இப்பிடியே வைச்சிருந்து அனுப்புவம். உள்ளுக்கை ரத்தம் கட்டிக்கொண்டு வருது போலை கிடக்கு. கூட்டினால் தள்ளிப்போடும்." நான் சுவரைப் பார்த்தேன். எண்பதுக்கு எதிரே இரண்டு போத்தல், முழு வேகம், இரு கைகளிலும் என்றிருந்தது. நான் எழுதியது, டொக்டர் கையொப்பமிட்டது. பிள்ளைகளும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். குகன், உண்மையைச் சொல்வதானால், அந்தக் கணத்தில் நான் உன் மாமாவைப் பார்க்கவில்லை. சுவரில் ஒன்று, கட்டிலில் ஒன்று என்று இருந்தால் நான் படிப்பித்ததற்கு என்ன பெறுமதி என்றுதான் யோசித்தேன். "மிஸி, அட்டவணையில் உள்ளபடி செய்யும்" என்றேன். அவள், "சேர்..." என்றாள். "எழுதியிருக்கிறபடி செய்யும்" என்றேன். அவள் செய்தாள். அது அவளுடைய கடமை.

மூன்றாவது போத்தலில் அமுக்கம் நூற்றைந்துக்கு ஏறியது. நான் பிள்ளைகளிடம், "பார்த்தீர்களா?" என்று சொன்னதாக ஞாபகம். ஞாபகம் என்று எழுதுவதுகூட ஓர் ஒளிப்பு, சொன்னேன். பிறகு அவர் வயிறு மெல்லப் பெருத்தது. காயத்தில் கட்டியிருந்த சீலை நனைந்தது. முதலில் சிவப்பாக அல்ல, தேத்தண்ணி சிந்தியதுபோல வெளிறிய நிறத்தில். அமுக்கம் எழுபதாயிற்று. எழுபதுக்கு எதிரே அட்டவணை இன்னும் இரண்டு போத்தல் சொன்னது, அவையும் ஏறின. "குளிருது அத்தான்" என்றார். ஆவணி வெயிலில் தகரக் கூரையின் கீழ் அப்படிச் சொன்னார். அதன்பின் என் பெயரைச் சொல்லவில்லை. வண்டி வந்தது, அவரோடு நானும் ஏறினேன், இருபாலை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. திரும்பி வந்து கணினியை எடுத்தபோது, பிள்ளைகள் விட்டுச்சென்ற ஓட்டம் திரையில் முடிந்து நின்றது. அதே அறுபத்தொரு கிலோ, அதே ஐந்து போத்தல். திரையில் ஒன்று என்றிருந்தது.

உனக்குப் பரீட்சை முடியும்வரை சொல்லவில்லை; சொன்னபோதும் "ரத்தம் இல்லாமல் போச்சு" என்று மட்டும் சொன்னேன். உன் அம்மா செத்தவீட்டில் என் கையைப் பிடித்து, "சொல்லுங்கோ, இன்னும் ரெண்டு போத்தில் இருந்திருந்தால் என்ரை தம்பி தப்பியிருப்பான், என்ன?" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன். ஒரு சொல். அந்தச் சொல்லிலிருந்து அவள் ஒரு விரதத்தையே கட்டிக்கொண்டாள். ஒவ்வோர் ஆவணியிலும் மாமாவின் திவசத்துக்கு அவள் சிகிச்சை நிலையத்துக்குச் சேலைன் போத்தல் கொடுத்து வருவதை நீ அறிவாய். பொருளாதாரத் தடையால் எதுவும் வராத இந்தக் காலத்திலும் யார் யாரிடமோ சொல்லிவைத்து எடுக்கிறாள். வயிற்றோட்டக்காரர்களுக்கும் எரிகாயக்காரர்களுக்கும் அவை உயிர் கொடுத்திருக்கும்; அதில் ஐயமில்லை. ஆனால் அவள் அவற்றைக் கொடுப்பது அதற்காக அன்று. தம்பிக்குப் போதாமற்போனது இன்னொருவருக்குப் போதாமற் போகக்கூடாது என்பதற்காக. எட்டு வருடமாக அந்தப் போத்தல்களைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பவன் நான்.

உன் கடிதம் வந்தபின்தான், வரிகளைப் படியெடுப்பதற்காக, நிரலை எழுதிவைத்த கொப்பியைத் திறந்தேன். மின்சாரம் போய் நாலு வருடமாகிறது. கணினி வேட்டியில் சுற்றி அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. முந்நூற்று நாற்பதாம் வரியை எழுதும்போது என் கை நின்றது. கிணற்றில் எவ்வளவு நீர் நின்றாலும் மெசின் ஒரே அளவுதான் எடுக்கும். காயம் அப்படியல்ல. அமுக்கம் கூடினால் கூடுதலாக ஒழுகும். குறைந்தால் குறைவாக ஒழுகி, உறைந்து நிற்கவும் கூடும். மனிதனுக்கு நான் மெசின் பூட்டியிருந்தேன். அப்படி ஒரு காயம் இருக்குமானால் எவ்வளவு ஊற்றினாலும் நட்டமில்லை. ஆகவே நிரல் எப்போதும் "இன்னும் ஊற்று" என்றே சொல்லும். பிலோமினா மிஸி இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தாள்.

வரியைத் திருத்திவிட்டுக் கணக்கைக் கையால் செய்தேன். ஒரு நிமிடத்துக்கு ஏழு பெருக்கல்கள். மடக்கை அட்டவணை, பென்சில், பாடம் முடிந்து வரும் பின்னேரங்கள். உன் மாமாவின் நாற்பது நிமிடங்களை ஒருமுறை கடக்க எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் நாளை முடித்தால், மறுநாள் பின்னேரம் வரை அவர் பன்னிரண்டாவது நிமிடத்தில் படுத்திருப்பார். நான் வகுப்பில் வகையீடு படிப்பித்துக்கொண்டிருப்பேன். உன் அம்மா தேத்தண்ணியோடு வந்து, "பிள்ளைக்கு அனுப்பத்தானே உவ்வளவு பாடுபடுறியள்" என்பாள். ஐந்து போத்தல் முழு வேகத்தில்: முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் பூச்சியம். ஒரு போத்தல், மெதுவாக, மிஸி செய்ததுபோல: நாற்பதாவது நிமிடத்திலும் ஒன்று. முடிவை நம்பாமல் மறுபடியும் தொடங்கினேன். மறுபடியும் அதே.

இது நிறுவல் அன்று என்பதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காயத்தின் அளவை யாரும் அளக்கவில்லை. புதிய வரியில் நான் இட்ட குணகம் ஓர் ஊகம். ஒரு போத்தலோடு அனுப்பியிருந்தாலும் அவர் சத்திரசிகிச்சை மேசையில் இறந்திருக்கலாம். நீ இதையெல்லாம் எழுதி என்னைத் தேற்றுவாய். எழுதாதே. அந்த ஊகத்தைக் காட்டி நான் தப்பினால், பிழையான வரியைக் காட்டி மிஸியை அடக்கியதும் சரியென்றாகிவிடும். உன் கையில் ஆட்கள் வரப்போகிறார்கள். உன்னிடம் அட்டவணைகள் இருக்கும், இருக்கவும் வேண்டும். சட்டமில்லாமல் ஒரு வாட்டு நடக்காது. ஆனால் அவற்றில் உள்ள ஒவ்வோர் எண்ணிடமும், 'நீ எங்கிருந்து வந்தாய்?' என்று கேள். யாருடைய கிணற்றிலிருந்து என்று கேள். கட்டிலில் கை வைத்துக்கொண்டு நிற்பவர் வேறொன்றைச் சொன்னால், எத்தனை பேரில் கண்டீர் என்று கேட்குமுன் நீயும் ஒருமுறை அங்கே கையை வைத்துப் பார்.

நான் பார்க்கவில்லை என்பதல்ல என் பெரிய குற்றம். அந்தப் புதன்கிழமையிலிருந்தே எனக்கு ஐயம் இருந்தது. கொப்பி மூன்றடி தூரத்து அலுமாரியில் இருந்தது. எட்டு வருடம் அதைத் திறக்காமல் இருந்தேன். அதற்கிடையில் டொக்டர் வெளிநாடு போய்விட்டார். அட்டவணையின் பிரதிகள் பரவின. ஒன்று இடம் மாறிய நம் சிகிச்சை நிலையத்தில், ஒன்று சாவகச்சேரிப் பக்கத்து முதலுதவிக் கொட்டகையில், ஒன்று உன் சட்டைப் பையில். அவற்றைப் பார்த்து யார் யாருக்கு எத்தனை போத்தல் ஏறியது என்று எனக்குத் தெரியாது. அந்த எண் மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

இனி நான் செய்யப்போவதை வரிசையாக எழுதுகிறேன், வரிசை முக்கியம். உன் அம்மா கிணற்றடியில் நிற்கிறாள். திவசத்துக்கு இன்னும் நாலு நாள். இந்த வருடம் கிடைத்த மூன்று போத்தல்களையும் ஈரச்சீலையால் துடைத்து வெயிலில் வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பேனையை மூடியதும் நான் எழுந்து போவேன். "இஞ்சை வந்து ஒருக்கால் இரும்" என்பேன். இக்கடிதத்தை முதல் வரியிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். ஒரு வரியும் விடமாட்டேன். அன்று செத்தவீட்டில் கேட்ட கேள்வியை அவள் திரும்பவும் கேட்பாள். இம்முறை "இல்லை" என்பேன். அதன்பின் என்ன நடந்தாலும், நாளைக் காலை சைக்கிளை எடுத்துச் சிகிச்சை நிலையத்துக்கும் சாவகச்சேரிக்கும் போய், அந்த இரண்டு தாள்களையும் என் கையாலேயே சுவரிலிருந்து உரிப்பேன். குருநகருக்குப் போய்ப் பிலோமினா மிஸியைத் தேடுவேன். மூன்றாவது தாளைக் கிழிப்பது உன் வேலை.

இப்போது எழுந்து போகிறேன்.

உன் அப்பா
சி. பரமசாமி